உறங்கும் வண்டி, உறங்காத பேட்டரி

அக்டோபர் கடைசியில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஜெர்மனியிலும் சுவீடனிலும் ஒரு சடங்கு நடக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களும், கோடையில் மட்டும் ஓட்டவென்று கூரை மடங்கும் வண்டி வாங்கியவர்களும் அதைக் கழுவித் துடைத்து, டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, கராஜுக்குள் விட்டுப் போர்வை போர்த்துகிறார்கள். அதன்பிறகு வசந்தம் வரை வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பேட்டரியை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. அதைக் கழற்றிச் சார்ஜில் போட வேண்டும். இல்லையென்றால் வண்டியிலேயே இருக்க, சுவர் பிளக்கிலிருந்து ஒரு சின்ன சார்ஜரை இழுத்து மாட்டிவிட வேண்டும். ஏன் என்று கேட்டால், குளிர் பேட்டரியைக் கொன்றுவிடும் என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ஏறக்குறைய நூற்றுப் பத்து ஆண்டுகள் வயதுள்ள இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால், அந்தப் பதில் பாதிதான் சரி என்று தெரிகிறது. அந்த நாடுகளில் குளிர் எந்த ஆண்டும் வராமல் இருந்ததில்லை. ஆனால் வழக்கம் ஒரு காலத்தில் தோன்றியது, ஓங்கியது, ஏறத்தாழ மறைந்தது, பிறகு திரும்பி வந்தது. இந்த ஏற்ற இறக்கம் வெப்பமானியோடு பொருந்தவில்லை. வண்டிகள் எவ்வளவு காலம் சும்மா நின்றன, நின்றபோது பேட்டரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதோடுதான் பொருந்துகிறது.

பேட்டரியின் பிறவிக் குணத்திலிருந்து தொடங்குவோம். 1859-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அதுதான். 1881-ல் கமில் ஃபோர் ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்சைடுக் குழம்பைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பிறகே இது தொழிற்சாலைப் பொருளானது. 1882-ல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரண்டு ஆங்கில வேதியியலாளர்கள் உள்ளே நடப்பதை விளக்கினார்கள்: மின்சாரம் வெளியேறும்போது இரு பக்கத் தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன, சார்ஜ் ஏற்றும்போது பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இதில் ஒரு சங்கடம் உண்டு. யாரும் மின்சாரம் எடுக்காவிட்டாலும் இந்த மாற்றம் நிற்காது. மெதுவாக, தானாகவே நடந்துகொண்டிருக்கும். குழம்பைத் தாங்கும் மெல்லிய ஈயச் சட்டம் வளையாமல் இருக்க அதில் ஆன்டிமனி கலந்தார்கள். அந்த ஆன்டிமனியே இந்தத் தானான கசிவை விரைவுபடுத்தியது. அந்தக் காலத்துப் பேட்டரி வெதுவெதுப்பான அறையில் சும்மா இருந்தாலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் நுண்ணிய சல்ஃபேட் துகள்கள் கரைந்து பெரிய படிகங்களாக வளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுதாகத் திரும்புவதில்லை. பேட்டரிக்காரர்கள் சல்ஃபேட் பிடித்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். ஆக, பேட்டரி என்பது ஓட்டைப் பானை. ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நிறைந்திருக்கும்.

இந்த ஓட்டைப் பானை எல்லாக் கார்களிலும் தொடக்கத்திலேயே இருக்கவில்லை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் சக்கரத்தில் பொருத்திய காந்தங்கள்தான் தீப்பொறிக்கு மின்சாரம் தந்தன. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினால் வண்டி கிளம்பும். பேட்டரி இல்லாத இப்படிப்பட்ட வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்த, ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, டயர் தரையில் அழுந்தாதபடி கட்டைமேல் ஏற்றி வைத்தால் போதும். மாற்றம் காடிலாக்கின் 1912-ஆம் ஆண்டு மாடலோடு வந்தது. ஓஹையோ மாநிலம் டேட்டனில் டெல்கோ நிறுவனத்தை நடத்திய சார்லஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் அந்த வண்டியில் இருந்தது. அது வேலை செய்யப் பெரிய பேட்டரி ஒன்று நிரந்தரமாக வண்டியில் உட்கார வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. மாடல் டி-யிலும் 1919-ல் மின் ஸ்டார்ட்டர் கிடைத்தது. அதாவது 1910-லும் 1920-லும் ஒரே ஊரில் ஒரே அளவு பனி பெய்தது. 1910-ல் பேட்டரிக் கவலை என்பதே பெரும்பாலோருக்கு இல்லை, 1920-ல் பலருக்கும் இருந்தது. வழக்கத்தைப் பிறப்பித்தது ஸ்டார்ட்டர்தான் என்று சொல்ல இந்த ஒப்பீடே போதும்.

அப்படியானால் குளிர்காலத்துக்கு இதில் என்ன பங்கு? அது வண்டியை நிறுத்திவைத்தது. 1910-களில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் சாலையிலிருந்து பனியை அகற்றும் பழக்கமே இல்லை. குதிரைகள் பெரிய மர உருளைகளை இழுத்துப் பனியை அழுத்திக் கெட்டிப்படுத்தின. சறுக்குவண்டிகள் ஓட அதுதான் வசதி. அந்தச் சாலையில் காரால் போக முடியாது. போக முடிந்தாலும் அன்றைய கார்களில் பெரும்பாலானவை திறந்த வண்டிகள். 1919-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட பத்து கார்களில் ஒன்றுக்குத்தான் நிலையான கூரையும் கண்ணாடிக் கதவும் இருந்தன. ரேடியேட்டர் உறையாமல் இருக்க ஊற்றிய ஆல்கஹால், எஞ்சின் சூடானதும் ஆவியாகிப் போகும். இத்தனை தொல்லைகளுக்கு நடுவில் ஓட்டுவதைவிட நவம்பரில் நிறுத்தி ஏப்ரலில் எடுப்பதே புத்திசாலித்தனமாகப் பட்டது. ஐந்து மாத ஓய்வு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பெரிய தீங்கு செய்யாது. பேட்டரிக்கோ அது அழிவு. நாள்தோறும் ஓடும் வண்டியில் ஜெனரேட்டர் கசிவை ஈடுசெய்துவிடும். நின்றுவிட்ட வண்டியில் அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும்.

செய்ய முன்வந்தவர்கள் பேட்டரிக் கடைக்காரர்கள். கிளீவ்லாந்தின் வில்லர்டு, பிலடெல்ஃபியாவின் எலெக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி நிறுவனம் (அதன் வணிகப் பெயர்தான் எக்ஸைட்) ஆகியவை ஊர் ஊராகச் சேவை நிலையங்களை ஏற்படுத்தின. இலையுதிர் காலத்தில் வண்டிக்காரர்கள் பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்து, அடையாளச் சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். சிகாகோவில் வெளியான ஓ. ஏ. விட்டே எழுதிய பேட்டரிப் பராமரிப்புக் கையேட்டின் 1922-ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்தத் தொழிலின் நடைமுறைகளை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஈரச் சேமிப்பில் பேட்டரியைச் சோடா கரைசலால் துடைத்து, டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, முழுச் சார்ஜ் ஏற்றி, டெர்மினலில் வாசலின் தடவி அடுக்கில் வைப்பார்கள். மாதம் ஒருமுறை இறக்கிச் சார்ஜ் ஏற்றுவார்கள். அல்லது பல பேட்டரிகளைத் தொடராக இணைத்து மிகச் சிறிய மின்னோட்டத்தை இரவும் பகலும் ஓடவிடுவார்கள். இன்று டிரிக்கிள் சார்ஜ் என்று நாம் சொல்வது அந்த அடுக்குகளில் நடைமுறையில் இருந்ததுதான். உலர் சேமிப்பு இதைவிடக் கடினமான வேலை. மேல்மூடியை ஒட்டியிருக்கும் தாரைச் சூடாக்கி இளக்கி, ஒவ்வொரு செல்லிலிருந்தும் தகட்டுக் கட்டை மேலே இழுத்து, நேர்த்தகடுகளை எதிர்த்தகடுகளிலிருந்து பிரிப்பார்கள். இடையில் இருந்த மரச் சில்லுகளைத் தூக்கி எறிவார்கள். ஈரம் காய்ந்தால் அவை வெடித்துவிடும். நேர்த்தகடுகளை அலசிக் காயவைத்தால் போதும். எதிர்த்தகடுகள் அவ்வளவு சுலபத்தில் அடங்குவதில்லை. அவற்றில் உள்ள பஞ்சு போன்ற ஈயம் காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து சூடேறும். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மறுபடி சூடேறினால் மறுபடி முக்குவார்கள். சூடு வருவது நிற்கும் வரை இது நடக்கும். வசந்தத்தில் புதுச் சில்லுகள் போட்டு, புது ஆசிட் ஊற்றி, நீண்ட நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி மீண்டும் தயார்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். இதெல்லாம் குளிர்காலத்தில் வேலையில்லாமல் கிடந்த கடைக்காரர்கள் கண்டுபிடித்த வருமான வழிதானே, வண்டிக்காரரின் பயத்தைக் காசாக்கியதுதானே என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கார்கள் நிற்கும் மாதங்களில் பேட்டரிக் கடைக்கு வருமானம் தந்தது இந்தச் சேமிப்புக் கட்டணமே. வசந்தத்தில் பழுது என்று சொல்லிக் கூடுதல் வேலையைத் தலையில் கட்டவும் இடம் இருந்தது. ஆனால் ஒரு தொழில் லாபம் தந்தது என்பதாலேயே அதன் தேவை பொய்யாகிவிடாது. மேலே சொன்ன கசிவுக் கணக்கை வைத்துப் பார்த்தால், இதமான நிலவறையில் ஐந்து மாதம் கவனிப்பின்றிக் கிடந்த 1920-ஆம் ஆண்டுப் பேட்டரி ஏறக்குறைய முழுதும் இறங்கிவிடும். தகடுகளில் சல்ஃபேட் இறுகியிருக்கும். வீட்டில் அதைத் தடுக்க அன்று வழி குறைவு. பல கிராமங்களுக்கு மின்சாரம் வரவில்லை. வந்த வீடுகளிலும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவி எளிதில் கிடைக்கவில்லை. ஹைட்ரோமீட்டரைச் சொருகி ஆசிட்டின் அடர்த்தியைப் படிக்கத் தெரிந்தவரும், சார்ஜ் ஏற்றும் இயந்திரம் வைத்திருந்தவரும் கடைக்காரர்தான். பொறுப்பு அவரிடம் போனதற்கு ஏமாற்றை மட்டும் காரணமாகச் சொன்னால் அன்றைய வீடுகளின் நிலையைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் ஆகும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. குளிரில் பேட்டரி உறைந்து வெடிப்பதைக் குளிர்நாட்டவர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பிறகு குளிரைக் குற்றமற்றது என்று எப்படிச் சொல்வது? விடை ஹைட்ரோமீட்டர் அளவில் இருக்கிறது. முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியின் ஆசிட் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.280 மடங்கு அடர்த்தி கொண்டது. அது −60 டிகிரி செல்சியசுக்கும் கீழேதான் உறையும். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தகடுகளுக்குள் போய்விடுவதால் மிச்சம் இருப்பது மேலும் மேலும் தண்ணீராகிறது. 1.200-ல் ஏறத்தாழ −27 டிகிரியிலும், 1.150-ல் −15 டிகிரியிலும், 1.100-ல் −7, −8 டிகிரியிலும் உறைந்துவிடும். வின்னிபெக்கில் ஜனவரி இரவு −20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அந்த இரவில் அடுத்தடுத்த கராஜ்களில் உள்ள இரண்டு பேட்டரிகளில் நிறைந்தது பிழைக்கும், இறங்கியது பனிக்கட்டியாகிப் பெட்டியைப் பிளக்கும். இரண்டுக்கும் குளிர் ஒன்றே. போதாததற்கு, வெப்பம் 10 டிகிரி கூடினால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதனால் நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரிக்குக் குளிர்ந்த கராஜ் நல்ல இடமே. குளிருக்கு அஞ்சிப் பேட்டரியைச் சூடான அறைக்குள் தூக்கிவந்து சார்ஜ் ஏற்றாமல் விட்டவர் அதை விரைவாகக் காலியாக்கினார். ஸ்டார்ட்டர் போடும் நேரத்தில் குளிர் தொல்லை தருவது வேறு கதை. −18 டிகிரியில் பேட்டரியின் தள்ளுசக்தி பாதிக்கும் கீழே போகிறது, எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகிறது. அது ஓடும் வண்டியின் பிரச்சினை. நிறுத்திவைத்த வண்டியினுடையது அல்ல.

வழக்கம் தேய்ந்த காலம் இந்த வாதத்துக்கு அடுத்த சான்று. முதல் உலகப் போரின்போது, 1917-18 குளிர்காலத்தில், டெட்ராய்ட் பக்கமிருந்து அட்லாண்டிக் துறைமுகங்களுக்கு ராணுவ லாரிகள் சாலை வழியே போக வேண்டியிருந்தது. அதற்காகப் பென்சில்வேனியாவில் பனியை அகற்றிச் சாலையைத் திறந்துவைத்தார்கள். போர் முடிந்தபின் மற்ற மாநிலங்களும் அதைக் கடமையாக ஏற்றன. 1927-க்குள் மூடிய கார்கள் உற்பத்தியில் ஐந்தில் நான்குக்கு மேல் ஆகிவிட்டன. அதே ஆண்டில் பிரஸ்டோன் என்ற பெயரில் கிளைக்கால் திரவம் சந்தைக்கு வந்தது. ஆல்கஹாலைப்போல் அது ஆவியாகிப் போகாது. மக்கள் ஜனவரியிலும் வண்டி ஓட்டத் தொடங்கினார்கள். வண்டி ஓடியதால் பேட்டரியும் நிறைந்தே இருந்தது. கடைகளின் குளிர்கால அடுக்குகள் மெல்ல வெறுமையாகின. ஆண்டுதோறும் செல்லைப் பிரித்துப் பூட்டும் உலர் சேமிப்பு வழக்கொழிந்தது. பனி குறைந்து இது நடக்கவில்லை, ஓய்வு குறைந்து நடந்தது. இதற்கு நேர்மாறான காட்சி பிரிட்டனில். 1942 ஜூலையில் தனியார் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் ரேஷன் நிறுத்தப்பட்டது. வண்டிகள் கட்டைமேல் ஏறின. போர் முடியும் காலம் வரை, கோடையிலும் குளிரிலும் அப்படியே நின்றன. அங்கே பேட்டரிக்கு ஆண்டு முழுவதும் கவனிப்புத் தேவைப்பட்டது, ஜூலை மாத வெயிலிலும்தான்.

கவனிப்பு தேவை என்றால் அதற்குக் குறுக்குவழி தேடுபவர்களும் இருப்பார்கள். சல்ஃபேட் பிடித்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் பொடிகள் 1920-களிலிருந்தே விற்பனைக்கு வந்தன. அமெரிக்க அரசின் தேசியத் தரநிர்ணய அலுவலகம் பலவற்றைச் சோதித்து, பயனில்லை என்றே சொல்லிவந்தது. 1940-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து ஏடி-எக்ஸ்2 என்ற பொடி வந்தது. அதில் பெரும்பாலும் சோடியம், மக்னீசியம் சல்ஃபேட்டுகள். அலுவலகம் வழக்கம்போலவே தீர்ப்புச் சொன்னது. இந்த முறை விற்பனையாளர் அரசியல்வாதிகளிடம் முறையிட்டார். 1953 மார்ச்சில் வணிகத் துறை அமைச்சர் சிங்க்ளேர் வீக்ஸ், அலுவலகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் செய்தார். நாடெங்கும் விஞ்ஞானிகள் கொதித்தெழ, அதே ஆண்டில் ஆஸ்டின் பதவிக்குத் திரும்பினார். தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் அலுவலகத்தின் முடிவை ஆதரித்தது. ஒரு பேட்டரிப் பொடி ஒரு நாட்டின் அறிவியல் நிறுவனத்தையே ஆட்டிப்பார்த்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பொடி பலித்ததாகப் பலர் மனப்பூர்வமாக நம்பியதற்குக் காரணம் இருந்தது. பொடி போட்டபின் பேட்டரியை நீண்ட நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவது வழக்கம். அப்படி ஏற்றினால் பொடி இல்லாமலேயே பல பேட்டரிகள் ஓரளவு தேறும். பலன் சார்ஜுக்குரியது, பெயர் பொடிக்குப் போனது.

அடுத்த திருப்பத்தில் பொறுப்பு தொழிற்சாலைக்குப் போனது. 1935-லேயே பெல் டெலிபோன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹேரிங், தாமஸ் இருவரும் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் கலந்த ஈயச் சட்டத்தைத் தொலைபேசி நிலையப் பேட்டரிகளுக்காக முன்வைத்தார்கள். அதன் கசிவு பல மடங்கு குறைவு. காருக்கு அது வர நீண்ட காலம் ஆனது. 1970-களில் டெல்கோ-ரெமி நிறுவனம் ஃப்ரீடம் என்ற பெயரில், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதத்துக்குச் சில சதவீதமே இறங்கும் பேட்டரி வந்தபின் குளிர்காலக் கவனிப்புக்கு வேலையே இல்லை என்று வாதிடலாம். பேட்டரியை மட்டும் தனியாக மேசைமேல் வைத்தால் அந்த வாதம் செல்லும். வண்டிக்குள் வைத்தால் செல்லாது. 1980-களிலிருந்து கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, ரிமோட் பூட்டு, கணினிகள் என்று நிறுத்திய வண்டியிலும் மின்சாரம் உறிஞ்சுபவை பெருகின. எல்லாம் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 90 நாளில் ஏறத்தாழ 65. சாதாரணக் காரின் பேட்டரிக் கொள்ளளவு 60-ஐ ஒட்டியதே. ஆன்டிமனி போனதால் அடைபட்ட ஓட்டையை எலெக்ட்ரானிக்ஸ் வேறு இடத்தில் திறந்துவிட்டது.

ஓய்வும் திரும்பி வந்தது. வசதி கூடிய நாடுகளில் ஒரு வீட்டுக்கு இரண்டாவது, மூன்றாவது கார் சேர்ந்தபோது, ஒன்றாவது மாதக்கணக்கில் நிற்பது இயல்பாகிவிட்டது. ஜெர்மனி 1997-ல் பருவகால நம்பர் பிளேட்டை அறிமுகப்படுத்தியது. பிளேட்டின் வலது ஓரத்தில் மாத எண்கள் இரண்டு மேலும் கீழுமாக இருக்கும். 04, 10 என்றிருந்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஓட்டலாம், வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கே. மீதி மாதங்களில் வண்டி பொதுச் சாலையில் நிற்கவும் கூடாது. 1920-ல் பனி செய்த வேலையை இங்கே சட்டமும் வரிச் சிக்கனமும் செய்கின்றன. ஆகவே பழைய கடைக்காரரின் அடுக்கும் வீட்டுக்குள் வந்துவிட்டது: மின்னழுத்தத்தைத் தானே அளந்து, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜராக. குளிருக்கும் இந்தக் கவனிப்புக்கும் உள்ள உறவு தற்செயலானது என்பதற்கு இறுதிச் சான்று வேண்டுமென்றால் சென்னையைப் பார்க்கலாம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி, ஏப்ரல், மே வெயிலில் வண்டிகள் வாசலிலேயே நின்றன. தளர்வு வந்து சாவியைத் திருப்பியபோது பல வண்டிகளில் செல்ஃப் எடுக்கவில்லை. பனியைக் கண்ணாலும் காணாத ஊர் அது.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிது. நாட்காட்டியில் குளிர்காலம் எப்போது வருகிறது என்று பார்த்துப் பேட்டரியைக் கவனிப்பது தவறான அளவுகோல். வண்டி எத்தனை வாரம் நிற்கப்போகிறது என்பதே சரியான அளவுகோல். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, எதிர் டெர்மினலைக் கழற்றி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்து, 12.4-க்குக் கீழே இறங்கினால் மறுபடி ஏற்றுவது வின்னிபெக்குக்கும் பொருந்தும், வேலூருக்கும் பொருந்தும். வேலூரில் வெப்பம் அதிகம் என்பதால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்பதற்கும் அவசரம் வேண்டாம். பெரிய பேட்டரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி அவற்றிலும் இருக்கிறது, பலவற்றில் அது இன்னும் ஈய-அமிலப் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி விழிக்காது. கடைக்காரர், வீட்டுக்காரர், தொழிற்சாலை என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது; அது யாரிடமும் இல்லாமல் போன இடங்களில்தான் பேட்டரிகள் செத்திருக்கின்றன, அங்கே பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும்.